மே நாலாந்தேதி லிஸ்டில் ஒரு திருத்தம்

நம்ம மைதானத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்களுக்கு, எஸ்தர் எழுதுவது.

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும் தான் படித்தேன். அதற்கப்புறம் எழுதினது எல்லாம் கையெழுத்தும் காலண்டர் சீட்டும் தான். மறதியும் ஜாஸ்தி ஆகிவிட்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "பேசி அனுப்பிடுங்க அத்தை, போன்லயே போய்டும்" என்று மருமகள் சொன்னாள். போனைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். எதிரில் ஆள் இருந்தாலே பேச மாட்டேன். எழுதித் தருகிறேன், நீ போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.

விஷயம் இது. போன வாரம் நீங்கள் குரூப்பில் ஒரு லிஸ்ட் போட்டிருந்தீர்கள். "மே 4, கத்திரி முதல் நாள். நம்ம மைதானத்தில் இதே நாளில்" என்று தலைப்பு. மேலே ஒரு சூரியன் படம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறது. கீழே வருஷ வாரியாக எழுதியிருந்தது. ஆலங்கட்டி மழை. சூறைக்காற்று, மழை. மழை. மழை. அடுத்த வருஷத்துக்கு நேராக ஒரு கோடு. அதற்கப்புறம் வெயில், வெயில், தூறல், வெயில் என்று போகிறது. நன்றாகத் தான் இருந்தது. கை தட்டுகிற படம் நிறைய பேர் போட்டிருந்தீர்கள். அதன் கீழே ஒரு பெண் கேட்டிருந்தாள்: "முதல் நாலு வருஷமும் விடாம மழை வந்திருக்கே. இந்த வருஷம் நாலாம் தேதி தோல் வெளியே போட வேணாம்னு சார்கிட்ட சொல்லிடலாமா?"

அதைப் படித்ததும் தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த லிஸ்ட், ஷெட் ஆணியில் நான் மாட்டிவிட்டு வந்த சீட்டுகளில் இருந்து எடுத்தது. அதில் நாலாவதாக இருக்கிற மழை பொய். எழுதினது நான். கோடு போட்டிருக்கிற வருஷத்தில் ஒன்றும் நடக்காமல் இல்லை. அந்தச் சீட்டில் எழுதாமல் விட்டதும் நான் தான். அந்தப் பொய்யால் ஒரு ஆள் சாகப் பார்த்தாள்.

நடந்த மாதிரியே சொல்கிறேன்.

மைதானம் உங்களுக்குத் தெரியும். இப்போது பாதிக்கு மேல் கூரை இருக்கிறது. அப்போது கூரை ஷெட்டுக்கு மட்டும் தான். ஷெட் வாசலில் இருந்து மதில் வரைக்கும் ஏழு வரிசை இரும்புக் கம்பி, அதில் காயப்போடுகிற தோல். ஏழாவது வரிசைக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு தைல மரம். மழைத் தண்ணி பட்டால் தோலில் புள்ளி விழும், புள்ளி விழுந்தது குறைந்த விலைக்குக் கறுப்புச் சாயத்துக்குத் தான் போகும். பயந்துபோய் சீக்கிரமே எடுத்து அடுக்கினாலும் பேஜார். ஈரத்தோடு அடுக்கின தோல் வெயில் காலத்தில் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆக, எப்போது எடுப்பது என்று ஒருத்தர் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்கிற வேலை சூப்பர்வைசருடையது இல்லை. மைதானத்துப் பெண்களே தங்களுக்குள் ஒருத்தியை வைத்துக்கொள்வோம். அவள் "எடு" என்று சொன்னால் நாற்பது பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கம்பிக்கு ஓட வேண்டும். ஏன், எதுக்கு என்று கேட்கக் கூடாது. அவள் தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கேலி. அதற்கு மேல் தண்டனை கிடையாது. கேலியே போதும்.

ஏழு வருஷம் அந்த ஆள் நான். எனக்குப் பெரிய அறிவெல்லாம் இல்லை, மூக்கு கொஞ்சம் கவனிக்கும், அவ்வளவு தான். நம்ம ஊர் நாற்றம் நமக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்கள் ஆம்பூர் வந்ததும் பஸ் கண்ணாடியைச் சாத்துவார்கள், நாம் இன்னாத்துக்கு என்று பார்ப்போம். ஆனால் அந்த நாற்றம் இடம் மாறினால் நமக்குத் தெரியும். தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டி வாடை பகலில் ஆற்றுப் பக்கம் போய்விடும். காற்று நின்று, அந்த வாடை திரும்பி நம்ம மேலேயே வந்து உட்கார்ந்தால் மழைக்கு அரை மணி இருக்கிறது என்று அர்த்தம். சில நாள் கால் மணி தான் இருக்கும். சில நாள் மழை வராமலே போகும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, மைதானத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் கொஞ்சம் முன்னாடி கவனிப்பேன்.

கவனிப்பேனே தவிர கத்த வராது. என் குரல் இரண்டாவது வரிசை தாண்டாது. அதற்கு நசீமா. நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், என்னை விட நாலைந்து வயது சின்னவள், அக்கா என்று தான் கூப்பிடுவாள். ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் வண்டி வருவதைச் சொல்வார்களே, அந்த மாதிரி குரல் அவளுக்கு. மைக் தேவையில்லை. நான் அவளிடம் சொல்வேன், அவள் எல்லாருக்கும் சொல்வாள். அதனால் நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். இது யாரும் போட்ட சட்டம் இல்லை. அப்படியே அமைந்துவிட்டது.

இனி சீட்டு. ஷெட்டில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும், ஆணிக்கடை கொடுத்தது. கிழித்த தாளில் பட்டாணி மடிப்போம், கை துடைப்போம். ஒரு வருஷம் கத்திரி முதல் நாள் மத்தியானம் ஆலங்கட்டி விழுந்தது. எலுமிச்சங்காய் அளவு என்று நசீமா சொல்வாள். நான் நெல்லிக்காய் என்று சொல்வேன். சூப்பர்வைசர் ஒன்றை முதலாளிக்குக் காட்ட வேண்டும் என்று கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். முதலாளி வருவதற்குள் கரைந்துவிட்டது. முதலாளி அவருடைய ஈரக் கையைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்குத் தாளைக் கிழித்தபோது தூக்கிப் போட மனசு வரவில்லை. பின்னால் "ஆலங்கட்டி" என்று எழுதி நூலில் கட்டி ஆணியில் மாட்டினேன். இன்ன காரணத்துக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்த வருஷம் அதே நாள் சூறைக்காற்று. பக்கத்துத் தோல் ஷாப்புக் கூரைத் தகரம் ஒன்று பறந்து வந்து எங்கள் மூன்றாவது வரிசை மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. மழையும் கொட்டியது. அவர்கள் தகரத்தைத் திருப்பிக் கேட்டு லெட்டர் பேடில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது வருஷம் காலையிலேயே மழை. பள்ளிகொண்டாவில் இருந்து வருகிற பெண்கள் ஒன்பது மணிக்கு நனைந்து வந்து இறங்கினார்கள். இங்கே தரை காய்ந்து கிடந்தது. குளித்துவிட்டு அப்படியே வந்துட்டீங்களா என்று கேட்டுச் சிரித்தோம். அரை மணியில் எங்களுக்கும் வந்தது. இரண்டு சீட்டும் ஆணியில் ஏறியது.

இதற்குள் அது எல்லாருக்கும் ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. நாலாவது வருஷம் காலையில் இருந்தே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா, மூணு வருஷமா வருது, இன்னிக்கும் வருமா இன்னா?" மத்தியானம் ஒரு மேகம் வந்தது. காற்று நிற்கவில்லை, வாடையும் திரும்பவில்லை. ஆனால் நாற்பது பேரும் என்னையே பார்த்தார்கள். நான் மேகத்தைப் பார்த்தேன். தேதியையும் பார்த்தேன். நசீமாவிடம் சொன்னேன், அவள் "எடு" என்றாள், எல்லாவற்றையும் எடுத்து உள்ளே கொண்டுவந்தோம்.

எட்டுத் துளி விழுந்தது. ஷெட் வாசல் சிமெண்டுத் தரையில் தனித்தனியாகத் தெரிந்ததால் எண்ண முடிந்தது. ஒன்பதாவதுக்காக நின்றோம், வரவில்லை. வெயில் முன்னைவிட நன்றாக அடித்தது.

"அக்கா, மழை எந்த பஸ்ல வருதாம்?"

"குடியாத்தத்துல எறங்கி லுங்கி வாங்கிட்டு வருமாம்."

"எட்டும் மழை தான் வுடுங்கடி" என்று நசீமா எனக்குப் பரிந்து பேசினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "துடைச்சிக்கத் துண்டு வேணுமா அக்கா?" என்றாள்.

மறுபடியும் எல்லாத் தோலையும் கொண்டுபோய்ப் போட்டோம். அன்று தாளைக் கிழித்துப் பின்பக்கம் "மழை" என்று எழுதினேன். எட்டுத் துளி என்றும் எழுதியிருக்கலாம். எனக்குத் தெரிந்த எழுத்துகள் தான். மழை என்று எழுதின பிறகு, தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி எனக்கே தெரியவில்லை.

அடுத்த வருஷம் புது மேனேஜர் வந்தார். ராணிப்பேட்டைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், மரியாதை தெரிந்த மனிதர். அவர் மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தபோது ஆணியில் இருந்த சீட்டுகளை எடுத்துப் படித்தார்.

"இது யார் எழுதினது?"

நசீமா என்னைக் காட்டிவிட்டாள்.

"எஸ்தரம்மா, ரொம்ப நல்ல வேலைம்மா. இப்படி ரெக்கார்டு வெக்கற ஆளு இப்ப கிடைக்கறதே இல்ல" என்றார்.

என் எழுத்தை ஒருவர் மெச்சினது அது தான் முதல் தடவை. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சீட்டுகளைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு ஏற்றி, திரும்பவும் நூலில் கட்டி ஆணியிலேயே மாட்டினார். அவ்வளவு ஒழுங்கான ஆள்.

மே மூன்றாம் தேதி சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்: நாளை மைதானத்தில் தோல் போட வேண்டாம், மழைக்கு வாய்ப்பு. போனில் வெயில் என்று காட்டுகிறதே சார் என்று யாரோ கேட்டதற்கு, "போன்ல வர்றது வேலூருக்கும்மா. இது நம்ம மைதானத்தோட சொந்த ரெக்கார்டு. நாலு வருஷமும் மழை, நூத்துக்கு நூறு" என்றார்.

மறுநாள் காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காற்று சரியாக ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்களைத் தரம் பிரிக்க உட்கார வைத்திருந்தார்கள். முந்தின நாள் சரியாகக் காயாத தோலும் அன்றைக்கு வந்த தோலும் ஈரத்தோடு ஷெட்டில் அடுக்கியிருந்தது. பத்து மணிக்கு அடுக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். இறக்கி வைத்த சோற்றுப் பானை மேல் கை வைத்த மாதிரி இருந்தது. சாயங்காலம் வரைக்கும் இப்படியே கிடந்தால் இரண்டு நாள் தோலும் போய்விடும். அந்த மனிதர் வந்து நாலு மாசம் தான் ஆகிறது. கெட்ட பேர் அவருக்கு, பொய் என்னுடையது.

ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை. அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கம்மா."

"நாலாவது சீட்டு சார்."

"ஆமா, மழை."

"எட்டுத் துளி சார்."

"எட்டுத் துளின்னா?"

"ஒன்பதாவது வரல சார்."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இன்னிக்கு மழை வராது?"

பெண்களே, இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். அவர் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில், "இப்போதைக்கு இல்ல சார், மத்தியானம் எப்படின்னு தெரியாது" என்பது தான். அதைச் சொல்லியிருந்தால் வழக்கம் போல தோலைப் போட்டுவிட்டு வழக்கம் போல பார்த்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் ஒரு பொய்யை ஒத்துக்கொண்ட கையோடு தெரியாது என்றும் சொன்னால், இந்தக் கிழவி எதற்கும் லாயக்கில்லை என்று நினைத்துவிடுவார் என்று தோன்றியது. அவர் அப்படி நினைக்கிற ஆள் இல்லை. எனக்கு அப்படித் தோன்றியது.

"வராது சார்" என்றேன்.

அவர் எழுந்து ஷெட்டுக்கு வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எஸ்தரம்மா கேரண்டி குடுத்துட்டாங்க. ரெண்டு நாள் தோலையும் போடுங்க" என்றார். அதோடு என் பேர் கேரண்டி அக்கா ஆகிவிட்டது. "கேரண்டி அக்கா, நாளைக்கு எங்க வூட்டுக்குத் தண்ணி லாரி வருமா?" "கேரண்டி அக்கா, என் மவன் பாஸா பெயிலா?" நானும் சிரித்தேன். உள்ளே நன்றாகத் தான் இருந்தது.

இரண்டு நாள் தோல் என்பதால் ஏழு வரிசையும் நெருக்கி நெருக்கிப் போட வேண்டியதாயிற்று. கடைசி வரிசைக்குக் கை வேகமான ஆள் வேண்டும். "நசீமா, நீ ஏழுக்குப் போ" என்று நான் தான் சொன்னேன். மேனேஜர் சொல்லவில்லை. என் பக்கத்தில் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. மழை தான் வராதே.

மூன்று மணிக்குக் காற்று நின்றது.

வாடை உடனே திரும்பவில்லை. முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. பிறகு தொட்டி வாடை வந்து முகத்தில் ஒட்டியது. ஏலகிரிப் பக்கம் வானம் சட்டி அடி மாதிரி இருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன். அன்றைக்கு என்ன நினைத்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படித் தான் தோன்றும். நேற்றும் காற்று நின்றதே, வரவில்லையே என்று நினைத்தேன். மேகம் வாணியம்பாடி பக்கமே கொட்டிவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். போன வருஷம் அவசரப்பட்டு எட்டுத் துளிக்கு ஆட்டம் போட்டோமே என்று நினைத்தேன். எல்லாமே நியாயமான நினைப்பு தான். எதுவும் வானத்தைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது.

பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் கையில் இருந்த தோலைப் பார்த்தேன். மேனேஜர் டீ கிளாஸோடு வெளியே வந்து மேலே பார்த்தார்.

"என்னம்மா, மேகம் கட்டற மாதிரி இருக்கே?"

"கடந்துடும் சார்" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். சொல்ல வேண்டிய ஆள் நானே சொல்லிவிட்டேன், அவர் ஏன் நிற்கப் போகிறார்.

இடி கேட்டதும் தான் வாயைத் திறந்தேன். "எடு" என்றேன். முதல் வரிசைக்குத் தான் கேட்டது. ஆனால் அது பழகின வார்த்தை, ஒருத்தியிடம் இருந்து ஒருத்தியாகக் கடைசி வரிசை வரைக்கும் தானாகப் போய்விட்டது. நாற்பது பேரும் கம்பிக்கு ஓடினார்கள். பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. அடுத்த மின்னல் மலை மேல் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கமே இறங்கியது. சத்தம் கூடவே வந்தது. நாற்பது பேர் கையும் இரும்புக் கம்பியில் இருந்தது.

அப்போது சொல்ல வேண்டியது வேறு. அதை எங்கள் மைதானத்தில் அதுவரைக்கும் யாரும் சொன்னது கிடையாது.

"விடு. தோலை விட்டுட்டு உள்ள வா."

"இன்னாக்கா சொல்ற? தோல் நனையுதே."

"நனையட்டும். உள்ள வாங்கடி."

முதல் இரண்டு வரிசை ஓடி வந்தது. அதைப் பார்த்து மற்ற வரிசைகளும் ஓடி வந்தன. ஆனால் யாரும் பின்னால் திரும்பிச் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எடு என்பதை நின்றுகொண்டு சொல்லலாம். ஓடுகிறவள் கூவ மாட்டாள். எல்லாரும் ஷெட்டுக்குள் வந்த பிறகு பார்த்தால் ஏழாவது வரிசையில் நசீமா மட்டும் நிற்கிறாள். தோலை மடித்துத் தலைக்கு மேல் முக்காடு மாதிரி போட்டுக்கொண்டு, முதுகு எங்கள் பக்கம், இன்னும் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் சொல்கிற ஆளுக்குச் சொல்ல ஆள் இல்லை.

நான் மூன்றாவது வரிசை வரைக்கும் ஓடினேன். "நசீமா" என்றேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட மூச்சை இழுத்தேன், அதற்குள் தைல மரத்தில் விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் தனித்தனியாக இல்லை. நான் கீழே உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. மரம் மேலிருந்து கீழ் வரைக்கும் பட்டை உரிந்து வெள்ளையாக இருந்தது. ஏழாவது வரிசையில் ஆள் இல்லை, தரையில் தோல் குவியல் தான் இருந்தது.

இரண்டு பெண்கள் என் பின்னாடியே வந்தார்கள். தோலை விலக்கினோம். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. அவள் எடுத்த தோலிலேயே பெரியதாக ஒன்றில் அவளைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். கம்பெனி வண்டியில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். விரிஞ்சிபுரம் தாண்டும்போது, "என் செருப்பு எங்கே?" என்று கேட்டாளாம். வண்டியில் போனவர்கள் வந்து சொன்னார்கள். அதற்கப்புறம் தான் நான் அழுதேன்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது காது ஜவ்வு கிழிந்து உள்ளேயும் கெட்டுவிட்டது, இனி அந்தப் பக்கம் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோல் எல்லாம் கறுப்புக்குப் போனது.

மேனேஜர் மேலே அனுப்ப ரிப்போர்ட் எழுதினார். என்னையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். எதிர்பாராத மழை, இடி என்று எழுதியிருந்தார். "சரியாம்மா?" என்றார். "சரி சார்" என்றேன். காலை பத்து மணி வரைக்கும் அவர் எதிர்பார்த்த மழை அது. மூன்று மணியில் இருந்து நான் எதிர்பார்த்தது. எதிர்பாராமல் இருந்தது நசீமா ஒருத்தி தான்.

அன்றைக்குச் சீட்டைக் கிழித்துப் பென்சிலையும் எடுத்தேன். மழை என்று எழுத வேண்டும். உண்மையும் அது தான். கை வரவில்லை, வெறும் தாளாகவே ஆணியில் மாட்டினேன். நீங்கள் அதற்கு நேராகக் கோடு போட்டிருக்கிறீர்கள்.

இப்போது ஷெட் தூணில் சைரன் பொத்தான் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. நீங்கள் அழுத்த மாட்டீர்கள், சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்பீர்கள். எனக்குத் தெரியும். தப்பாக அழுத்தினால் கேலி தான் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். காலையில் வராது என்று சொன்ன வாய், மத்தியானம் வருது என்று சொல்லலாம். அதற்கு யாரும் உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். மின்னல் கிட்டத்தில் இறங்கினால் தோலைப் பார்க்காதீர்கள். உள்ளே வந்ததும் தலை எண்ணுங்கள். லிஸ்ட் போடுவது தப்பு இல்லை, போட்டுக்கொள்ளுங்கள், படித்துச் சிரியுங்கள். நாலாம் தேதி தோல் போடலாமா வேண்டாமா என்று கேட்ட பெண்ணுக்கு: அதை நாலாம் தேதி காலையில் வெளியே நின்று பார், மத்தியானம் மறுபடியும் பார்.

நசீமா இரண்டு மாசம் கழித்துத் திரும்பி வந்தாள். மைதானம் வேண்டாம் என்று உள்ளே தரம் பிரிக்கப் போட்டார்கள். குரல் மட்டும் இன்னும் ஜாஸ்தி ஆகியிருந்தது. ஒரு காது இல்லாததால் தான் பேசுவது தனக்குக் கம்மியாகக் கேட்கிறது என்பாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் டீ நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோல் சுற்றுகிற டிரம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். எட்டுத் துளியைச் சொன்னேன். வராது சார் என்றதைச் சொன்னேன். ஏழாவது வரிசைக்கு அனுப்பினதைச் சொன்னேன். மூன்று மணிக்கே வாடை திரும்பிவிட்டது, நான் கடந்துடும் என்றேன் என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசினது இல்லை. முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கடலைத் தோலை ஊதிவிட்டுத் திரும்பினாள். "இன்னா அக்கா, எதுனா சொன்னியா? இந்தப் பக்கம் வந்து சொல்லு."

எழுந்து அந்தப் பக்கம் போனேன்.

"டீ ஆறுது, குடி" என்றேன்.

"இதுக்கா இவ்ளோ நேரம்" என்றாள்.

அவ்வளவு தான். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஓய்வு வாங்கி வந்துவிட்டோம். அவள் இப்போது பள்ளிகொண்டாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். உருது படிப்பாள், தமிழ் படிக்க வராது. அதனால் நீங்கள் குரூப்பில் என்ன போட்டாலும் அவளுக்குத் தெரியாது.

லிஸ்டில் நாலாவது வருஷத்தை அடித்துவிட்டு எட்டுத் துளி என்று போடுங்கள். அடுத்ததில் கோட்டை எடுத்துவிட்டு மழை, இடி என்று போட்டு, பக்கத்தில் நசீமா பேரையும் எழுதுங்கள். அதற்கு முன்னால் யாராவது நான் எழுதினதைச் சரிபார்க்க வேண்டும். காற்று நின்றது மூன்று மணியா மூன்றே காலா, அன்றைக்கு வந்திருந்தது நாற்பது பேரா முப்பத்தெட்டா, இதெல்லாம் எனக்கு நிச்சயம் இல்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிகொண்டாவில் இருந்து உங்களில் நாலு பேர் வேலைக்கு வருகிறீர்கள். ஒருத்தி இதை எடுத்துப்போய் அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டுங்கள், ஒரு வரி விடாமல். நானே போகலாம், பஸ் இருக்கிறது. போனால் டீ குடித்துவிட்டுத் தான் வருவேன்.

அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்து படியுங்கள். இதில் மற்றது எது தப்பாக இருந்தாலும், பக்கம் அது தான்.